இரும்புக் கட்டிலில் சாய்ந்துகொள்ள ஒரு பலகை

கேள்வி: எங்கள் 5 அடி இரும்புக் கட்டிலின் தலைமாட்டில் வெறும் குழாய்கள்தான். சாய்ந்தால் முதுகில் குத்துகிறது. வெல்டிங் இல்லாமல், ஃபோம் வைத்த பலகையை நாங்களே செய்து மாட்ட முடியுமா?

பதில்: தாராளமாக. 12 மி.மீ. பிளைவுட்டில் 5 அடிக்கு 2 அடி வெட்டி வாங்குங்கள். மெத்தையைப் போட்டபின் பலகையைக் குழாய்மேல் சாய்த்து நிறுத்தி, கீழ்விளிம்பு மெத்தையின் மேல்மட்டத்துக்கு 2 அங்குலம் கீழே இருக்கும்படி கிளாம்புக்கான துளைகளைக் குறித்துத் துளையிடுங்கள். கிளாம்ப் படுக்கைவாட்டக் குழாயில்தான் வரவேண்டும். நிற்கும் குழாயில் போட்டால் நாளடைவில் சறுக்கும்.

குழாய் பிடிக்கும் சேடில் கிளாம்ப் 4 போதும். துளைகளில் முன்பக்கமிருந்து 6 மி.மீ. டி-நட் (பலகையில் பதிந்து போல்ட்டைப் பிடிக்கும் நட்) 8 அடித்துவிடுங்கள். ஃபோம் ஒட்டியபின் இதைச் செய்ய வழியில்லை. பலரும் தடுமாறுவது இங்கேதான். பின்னாலிருந்து கிளாம்ப் வழியே முடுக்கும் போல்ட் 16 மி.மீ. நீளம் போதும், நீண்டால் ஃபோமுக்குள் முட்டும்.

ஃபோம் 2 அங்குலம், 32 டென்சிட்டி. மலிவானது சீக்கிரம் அமுங்கிவிடும். துணி 70க்கு 34 அங்குலம் வேண்டும். 54 அங்குல அகலத் துணியில் 2 மீட்டர் வாங்கலாம். ரெக்சின் வெயில் காலத்தில் முதுகில் ஒட்டும், பருத்தி கலந்த சோபாத் துணியே மேல். ஸ்டேப்பிள் பின் 10 மி.மீ.க்கு மேல் வேண்டாம். நான்கு பக்கமும் நடுவில் முதலில் அடித்து, மூலைகளை நோக்கி நகருங்கள். மூலையில் தொடங்கினால் சுருக்கம் நடுவில் வந்து நிற்கும்.

மாட்டும்போது குழாயில் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றுங்கள். கிறீச் சத்தம் வராது, பெயின்டும் உரியாது.