அலமாரியில் இருபது வருடம் இருந்த பிளாக் லேபிளுக்கு இப்போது என்ன வயது?

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "2003-ல் அப்பா ரிட்டயர் ஆனபோது, துபாயில் இருந்த சித்தப்பா ஒரு லிட்டர் ஜானி வாக்கர் பிளாக் லேபிள் வாங்கிவந்து கொடுத்தார். அப்பா அதைத் திறக்கவே இல்லை. அட்டைப்பெட்டியோடு அப்படியே அலமாரியில் இருக்கிறது. இந்தப் பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்கு வரும்போது திறக்கலாம் என்கிறார். பாட்டிலில் 12 வருடம் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் இப்போது அது முப்பது வருடத்துக்கு மேல் பழைய விஸ்கியா? குடிக்கலாமா? 'அது பிளெண்ட், வெறும் கலவை, சிங்கிள் மால்ட்தான் ஒரிஜினல்' என்று நண்பர் சொல்கிறார். உண்மையா? எப்படிக் குடித்தால் அதன் ருசி தெரியும்?"

முதல் இரண்டு கேள்விகளுக்கும் நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். அது இன்றும் 12 வருட விஸ்கிதான். மூடி சரியாக இருந்தால் தாராளமாகக் குடிக்கலாம்.

விஸ்கிக்கு வயது ஏறுவது ஓக் மரப் பீப்பாயில் மட்டும்தான். வடித்தவுடன் அது நிறமே இல்லாத, காரமான சாராயம். மரம்தான் அதற்கு நிறமும் இனிப்பும் கொடுக்கிறது. அதன் முரட்டுத்தனத்தைக் குறைப்பதும் மரம்தான். பீப்பாய் வழியாக ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகப் போய்விடும். அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். பன்னிரண்டு வருடத்தில் ஐந்தில் ஒரு பங்கு இப்படியே போய்விடுகிறது. கண்ணாடிப் பாட்டிலுக்குள் வந்த பிறகு இந்த வேலை எதுவும் நடக்காது. ஒயினைப் போல அது பாட்டிலில் வளராது.

அந்த '12' என்ற எண்ணுக்கு இன்னொரு பொருளும் உண்டு. பாட்டிலில் கலந்திருக்கும் விஸ்கிகளிலேயே வயது குறைந்ததின் வயது அது. பிரிட்டனின் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பிளாக் லேபிளில் கலக்கும் ஒவ்வொரு துளியும் குறைந்தது 12 வருடம் ஸ்காட்லாந்தில் பீப்பாயில் கிடந்திருக்க வேண்டும். அதைவிட மூத்ததும் உள்ளே இருக்கலாம், ஆனால் அதன் வயதை லேபிளில் போட முடியாது.

திறப்பதற்கு முன் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சரக்கு கழுத்து வரையோ, தோளுக்குச் சற்று மேலேயோ இருந்தால் கவலையில்லை. தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் மூடி வழியாகக் கொஞ்சம் ஆவியாகியிருக்கிறது. அப்போது ஆல்கஹாலும் வாசனையும் முதலில் போயிருக்கும், ருசி சப்பென்று இருக்கும். பெட்டிக்குள்ளேயே இருந்ததால் வெயில் பட்டு நிறம் வெளுத்திருக்க வாய்ப்பில்லை. அப்புறம், படுக்க வைத்திருந்தால் இன்றே நிமிர்த்தி வையுங்கள். மூடியின் உள்பக்கத்தில் அவ்வளவு காட்டமான ஆல்கஹால் வருடக்கணக்கில் படுவது நல்லதல்ல. திறந்ததும் ஈர அட்டை மாதிரியோ பிளாஸ்டிக் மாதிரியோ வாடை வந்தால் ஒரு கால்மணி நேரம் கிளாஸில் விட்டுப் பாருங்கள். போகவில்லையென்றால் அந்தப் பாட்டில் தேறாது.

விற்றால் என்ன கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்துப் பிளாக் லேபிள் லட்சக்கணக்கில் வெளிவந்தது, சேகரிப்பாளர்கள் தேடி அலையும் பொருளல்ல. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது விற்பது குற்றமும்கூட. உங்கள் அப்பா சொல்வதுதான் சரி, திறந்துவிடுங்கள்.

இனி உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். இதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் இந்த எண்ணம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது.

சிங்கிள் மால்ட் என்றால், மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு, ஒரே ஆலையில், செம்புப் பானையில் வடித்தது. கிரெய்ன் விஸ்கி என்று இன்னொன்று உண்டு. அதைக் கோதுமை அல்லது மக்காச்சோளத்தோடு கொஞ்சம் மால்ட் சேர்த்து, உயரமான தூண் போன்ற வடிகலனில் இடைவிடாமல் வடிக்கிறார்கள். அந்த வடிகலனுக்கு ஏனியஸ் காஃபி 1830-ல் காப்புரிமை பெற்றார். கிரெய்ன் விஸ்கி மென்மையாக, லேசான இனிப்போடு இருக்கும். பல ஆலைகளின் மால்ட்டுகளையும் கிரெய்ன் விஸ்கியையும் சேர்த்தால் அதுதான் பிளெண்டட் ஸ்காட்ச். எல்லாமே ஸ்காட்லாந்தில் வடித்து, அங்கேயே குறைந்தது 3 வருடம் ஓக் பீப்பாயில் வைத்தவை. கலப்படம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

உங்கள் நண்பரின் சந்தேகம் நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன்பே கோர்ட்டுக்குப் போனது. லண்டனின் இஸ்லிங்டன் நகராட்சி 1905-ல் சில வியாபாரிகள் மேல் வழக்குப் போட்டது. அவர்கள் விஸ்கி என்று விற்பது விஸ்கியே இல்லை, அதில் பெரும்பகுதி தூண் வடிகலனில் வந்த கிரெய்ன் சாராயம் என்பது குற்றச்சாட்டு. தீர்ப்பு வியாபாரிகளுக்கு எதிராகப் போனது. ஸ்காட்லாந்தின் பிளெண்ட் வியாபாரமே ஆட்டம் கண்டது. பிறகு ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணைக் குழு ஒன்று அமைத்து விசாரித்தார்கள். 1909-ல் வந்த அறிக்கை, கிரெய்னும் விஸ்கிதான், பிளெண்டும் விஸ்கிதான் என்று முடித்து வைத்தது. பிளாக் லேபிள் என்ற பெயர் அதிகாரப்பூர்வமானதும் அதே 1909-ல்தான்.

பெயர் அப்போது வந்தாலும் சரக்கு அதைவிடப் பழையது. ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் கில்மார்னக் என்று ஒரு ஊர். அங்கே ஒரு விவசாயியின் மகன் ஜான் வாக்கர், பிறந்தது 1805. 1819-ல் அப்பா இறந்ததும் பண்ணையை விற்று, அந்தப் பணத்தில் 1820-ல் அந்தப் பையனுக்கு ஒரு மளிகைக் கடை வைத்துக் கொடுத்தார்கள். தேயிலை, மசாலாப் பொருட்களோடு விஸ்கியும் விற்றார். அன்றைய விஸ்கியில் ஒரு பீப்பாய் மாதிரி இன்னொன்று இருக்காது. இந்த மாதம் பிடித்துப் போய் வாங்கிய வாடிக்கையாளர், அடுத்த மாதம் வேறு ருசி வந்தால் திட்டுவார். கடைக்காரர்கள் கலக்கத் தொடங்கியதற்கு முக்கியக் காரணம் இதுதான். நம் ஊர்க் காப்பிக்கொட்டைக் கடைக்காரர் பீபெரியையும் பிளான்டேஷன் ஏ-யையும் தன் கணக்கில் கலந்து, வருடம் முழுவதும் ஒரே மணம் வரவைப்பாரே, அந்தத் திறமைதான் இது.

ஜான் 1857-ல் காலமானார். தொழிலைப் பெரிதாக்கியது மகன் அலெக்சாண்டர். 1860-ல் வந்த சட்டம், வரி கட்டுவதற்கு முன் கிடங்கிலேயே மால்ட்டையும் கிரெய்னையும் கலக்க வழிவிட்டது. அலெக்சாண்டர் தன் கலவைக்கு 'ஓல்ட் ஹைலேண்ட் விஸ்கி' என்று பெயர் வைத்து 1867-ல் பதிவு செய்தார். சதுரப் பாட்டில் அவர் காலத்தில் வந்தது. வட்டப் பாட்டிலைவிடப் பெட்டியில் நெருக்கமாக அடுக்கலாம், கப்பலில் உடைவதும் குறைவு. லேபிளைச் சாய்த்து ஒட்டினால் எழுத்துகளைப் பெரிதாக அடிக்கலாம், கடை அலமாரியில் தனியாகத் தெரியும். உங்கள் பாட்டிலிலும் அந்தச் சாய்வு இருக்கும், 24 டிகிரி. அழகுக்குச் செய்தது போலத் தோன்றும் இரண்டுமே ஏற்றுமதி வியாபாரிகளின் நடைமுறைக் கணக்கு. 1860-களில் தொடங்கி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை ஃபிலாக்சரா என்ற பூச்சி அழித்து, பிராந்தி கிடைக்காமல் போனபோது அந்த இடத்தைப் பிடித்தது இப்படிப்பட்ட பிளெண்டுகள்தான்.

நல்ல மால்ட் தடையில்லாமல் கிடைக்க வேண்டும் என்பதற்காக 1893-ல் ஸ்பேசைடு பகுதியின் கார்டு ஆலையை அந்த நிறுவனம் விலைக்கு வாங்கியது. விற்றவர் எலிசபெத் கம்மிங். அவருடைய மாமியார் ஹெலன் கம்மிங் அதே இடத்தில் திருட்டுத்தனமாக விஸ்கி வடித்த காலத்தில், வரி அதிகாரிகள் வந்தால் அக்கம்பக்கத்துக்குத் தெரிய ஒரு சிவப்புக் கொடியை ஏற்றிவிடுவார் என்று இன்றும் சொல்வார்கள். இரண்டு தலைமுறைப் பெண்கள் வளர்த்த ஆலை அது. பிளாக் லேபிளைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவர்களைச் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

பாட்டிலில் தொப்பியும் கைத்தடியுமாக நடந்து போகும் மனிதரை டாம் பிரவுன் என்ற ஓவியர் 1908-ல் வரைந்து கொடுத்தார். அப்புறம் நிறுவனம் கைமாறி, இன்று டியாஜியோ என்ற பெரிய மது நிறுவனத்திடம் இருக்கிறது. கில்மார்னக்கில் இருந்த பாட்டில் ஆலையை 2012-ல் மூடிவிட்டார்கள். அந்த ஊருக்கு அது பெரிய இழப்பு.

இனி குணம். பிளாக் லேபிளின் முழுக் கணக்கை நிறுவனம் வெளியே சொல்வதில்லை. ஆனால் முக்கியமான ஆலைகள் தெரிந்தவைதான். கார்டு தேன் போன்ற இனிப்பையும் பழ வாசனையையும் தருகிறது. வடகிழக்குக் கடற்கரையின் கிளைனலிஷ் நாக்கில் மெழுகு பூசியது போன்ற ஒரு கனத்தைத் தருகிறது. எடின்பரோவுக்குப் பக்கத்து கிளென்கின்சி லேசானது, புல்வாசனை கொண்டது. புகை வருவது ஐலே தீவின் கல் ஈலா ஆலையிலிருந்து. அங்கே வரும் மால்ட்டைக் காய வைக்கும்போது பீட் என்ற சதுப்பு நிலக் கரியை எரித்து அந்தப் புகையைப் பார்லியில் ஏற்றுகிறார்கள். இவற்றைத் தாங்கிப் பிடிப்பது ஃபைஃப் பகுதியின் கேமரன்பிரிட்ஜ் போன்ற ஆலைகளின் கிரெய்ன் விஸ்கி. அது வெறும் விலை குறைக்கும் சமாசாரம் என்று நினைப்பது தவறு. அது இல்லாவிட்டால் கல் ஈலாவின் புகை மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். பீப்பாய்களும் பேசும்: அமெரிக்காவில் போர்பன் விஸ்கி வைத்த பழைய பீப்பாயிலிருந்து வெனிலா, ஷெர்ரி ஒயின் பீப்பாயிலிருந்து உலர்திராட்சை.

இதில் எனக்கு எப்போதும் வியப்பு தருவது ஒன்று உண்டு. ஆலைகள் மூடுகின்றன, பீப்பாய்கள் மாறுகின்றன, பார்லி மாறுகிறது. 1983-ல் மட்டும் போர்ட் எலன், பிரோரா போன்ற பல ஆலைகள் நின்றுபோயின. அப்படியும் பிளாக் லேபிள் பிளாக் லேபிளாகவே இருக்க வேண்டும். அதற்காகக் கலவை நிபுணர்கள் மாதிரிகளைத் தண்ணீர் விட்டு 20 சதவீத அளவுக்கு இறக்கி, நாள் முழுக்க முகர்ந்தே கணக்குப் போடுகிறார்கள். இன்ன பொருள் இன்ன அளவு என்று எழுதி வைத்த குறிப்பை அப்படியே பின்பற்றினால் ருசி மாறிவிடும். ருசி மாறாமல் இருக்க, அளவுகளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சிங்கிள் மால்ட் தன் ஆலையின் குணத்தைக் காட்டினால் போதும். பிளெண்டின் பொறுப்பு அதைவிடச் சிக்கலானது. இன்னொன்றும் நண்பரிடம் சொல்லுங்கள்: ஸ்காட்லாந்தின் மால்ட் ஆலைகளில் பெரும்பாலானவை உயிரோடு இருந்ததே பிளெண்டுகளுக்குச் சரக்கு கொடுத்துத்தான். கிளென்ஃபிடிக் ஆலை 1963-ல் வெளிநாடுகளில் சிங்கிள் மால்ட்டை முனைந்து விற்கத் தொடங்கும் வரை, ஸ்காட்லாந்துக்கு வெளியே அந்தப் பெயரைக் கேட்டவர்களே குறைவு.

அதற்காக எல்லா பிளெண்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன். வயது போடாத, சட்டப்படி 3 வருடம் மட்டும் தாண்டிய மலிவு பிளெண்டுகளும் இருக்கின்றன. அவை சோடாவுக்கென்றே செய்தவை. நம் ஊர் விஸ்கிகளில் பலவும் கரும்பு மொலாசஸிலிருந்து வரும் சாராயத்தோடு கொஞ்சம் மால்ட் கலந்தவை. அது வேறு பொருள், அதை வைத்து பிளெண்டட் ஸ்காட்ச்சை எடைபோடக் கூடாது.

சரி, எப்படிக் குடிப்பது? பாட்டிலின் வாயில் பிளாஸ்டிக் அடைப்பு இருந்தால் அதைக் கத்தியால் நெம்ப வேண்டாம். மறுபடி நிரப்பி விற்காமல் இருக்க வைத்தது அது. பாட்டிலை முழுக்கச் சாய்த்துப் பொறுமையாக ஊற்றினால் வரும். வாய் குறுகிய சின்ன கிளாஸில் 30 மில்லி, ஒரு சின்ன பெக் போதும். முதலில் மூக்கை உள்ளே விடாமல், கொஞ்சம் தள்ளிப் பிடித்து, வாயை லேசாகத் திறந்து முகருங்கள். ராவாக ஒரு துளி நாக்கில் பரவ விடுங்கள். பிறகு ஒரு டீஸ்பூன் சாதாரணத் தண்ணீர் சேருங்கள். புகை வாசனைக்குக் காரணமான குவாயகால் போன்ற மூலக்கூறுகள், தண்ணீர் சேர்க்கும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு அதிகமாக வருகின்றன என்று ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் கணினி மாதிரி வழியாகக் காட்டினார்கள். தண்ணீர் ஊற்றினால் விஸ்கிக்கு அவமரியாதை என்பதெல்லாம் வீண்பேச்சு. ஐஸ் போட்டால் வாசனை அடங்கிவிடும், ஆகவே முதல் பெக்குக்கு வேண்டாம். இரண்டாவதில் நிறைய ஐஸும் சோடாவும் சேர்த்துப் பாருங்கள், பிளாக் லேபிளின் புகை சோடாவிலும் தாக்குப்பிடிக்கும். கோலா அதை மூழ்கடித்துவிடும்.

சைட் டிஷ்ஷாக மிளகாய்க் காரம் தூக்கலான சுக்காவை முதல் பெக்கோடு வைக்காதீர்கள், நாக்கு மரத்துவிடும். வறுத்த முந்திரி, உப்புக்கடலை, கொஞ்சம் பேரீச்சை நன்றாகப் போகும். உங்கள் அப்பா பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவர் என்றால் அவருடைய டாக்டரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மிச்சம் இருந்தால் மூடியை இறுக்கி, இருட்டான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள், ஃபிரிட்ஜ் வேண்டாம். பாதிக்கு மேல் இருந்தால் ஒரு வருடம் வரை பெரிய மாற்றம் தெரியாது. கால் பாட்டில்தான் இருக்கிறதென்றால் காற்று அதிகம் பட்டு வாசனை மங்கத் தொடங்கும். அப்போது சுத்தமான, நன்றாக உலர்ந்த சின்னக் கண்ணாடிப் பாட்டில் ஒன்றில் விளிம்பு வரை நிரப்பி மாற்றிவிடுங்கள். பழைய மூடி அத்தனை வருடம் இருந்ததால் திருகும்போது உடையவும் செய்யலாம், ஆகவே அந்தச் சின்னப் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே தயாராக வைத்துக்கொள்வது நல்லது.