2005 கார்ல்டன் கோப்பைப் படம்: வாங்குவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

மெல்பர்னில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "என் மகன் 2005இல் பிறந்தவன். சிறு வயதிலிருந்தே கார்ல்டன் என்ற ஆஸ்திரேலியக் கால்பந்து அணியின் ரசிகன். அவன் பிறந்தநாளுக்குக் கொடுக்கலாம் என்று பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் சட்டமிட்ட படம் ஒன்று பார்த்தேன். கார்ல்டன் வீரர்கள் கோப்பையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். கீழே 'சாம்பியன்ஸ் 2005' என்று இருக்கிறது. ஸ்கோர் மட்டும் வழக்கம்போல இரண்டு எண்ணாக இல்லாமல் மூன்று எண்ணாக இருக்கிறது. 'இது பிரீமியர்ஷிப் படம்' என்று சொல்லிப் பெரிய விலை கேட்கிறார். ஆனால் அந்த ஆண்டு கார்ல்டன் பட்டியலில் கடைசி இடம் என்று இணையத்தில் பார்க்கிறேன். படம் போலியா? வாங்கலாமா?"

படம் போலியாக இருக்கத் தேவையில்லை. நீங்கள் பார்த்த பட்டியலும் சரிதான். விற்பவர் சொல்லும் 'பிரீமியர்ஷிப்', அதாவது பருவத்தின் சாம்பியன் பட்டம், என்ற சொல்தான் தவறு.

2005இல் கார்ல்டன் ஒரு கோப்பையை உண்மையாகவே வென்றது. ஆனால் அது பருவ முடிவில் கிடைக்கும் செப்டம்பர் கோப்பை இல்லை, மார்ச் கோப்பை. ஏஎஃப்எல் (ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்) பருவம் தொடங்குவதற்கு முன்பு, 1988 முதல் 2013 வரை ஆண்டுதோறும் ஒரு போட்டி நடந்தது. 2005 உட்படப் பெரும்பாலான ஆண்டுகளில் அது நாக் அவுட் போட்டி. தோற்ற அணி வெளியேறும். பதினாறு அணிகள் மோதிய 2005இல் நான்கே வெற்றி பெற்றால் கோப்பை கையில். அதே அணி அப்போது பிரீமியர்ஷிப் வெல்ல வேண்டுமானால் ஆறு மாதம் ஆடி, முதல் எட்டு இடங்களுக்குள் முடித்து, இறுதிச் சுற்றுகளையும் தாண்டி, பருவத்தின் கடைசி ஆட்டமான கிராண்ட் ஃபைனலில் ஜெயிக்க வேண்டியிருந்தது. ரசிகர்கள் 'ஃபிளாக்' என்று சொல்வது அந்த வெற்றியை மட்டும்தான்.

2005 மார்ச் இறுதி ஆட்டத்தில் கார்ல்டன் வென்றது வெஸ்ட் கோஸ்ட் அணியை. பிறகு பருவம் தொடங்கியதும் கார்ல்டன் சரிந்து கடைசி இடத்துக்குப் போனது. அதே வெஸ்ட் கோஸ்ட் செப்டம்பரில் கிராண்ட் ஃபைனல் வரை வந்து, சிட்னியிடம் நான்கே புள்ளிகளில் தோற்றது. சிட்னி அணி, சவுத் மெல்பர்னாக இருந்த காலத்தில், 1933இல் வென்றதற்குப் பிறகு அதற்குக் கிடைத்த முதல் ஃபிளாக் அது. ஆகவே 2005 பிரீமியர்ஷிப் படம் என்று ஒன்று இருந்தால் அதில் சிவப்பு வெள்ளைச் சட்டைதான் இருக்கும். கார்ல்டனின் கருநீலம் இருக்க வழியே இல்லை.

மார்ச்சில் வென்ற அணி ஆகஸ்டில் எப்படிக் கடைசியில் நிற்கும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்தப் போட்டியைப் பல குழுக்கள் உடம்பைப் பழக்கும் களமாகத்தான் பார்த்தன. மூத்த வீரர்களுக்கு ஓய்வு கொடுத்து, புதிதாக வந்த இளைஞர்களை இறக்கிப் பார்ப்பார்கள். ஒரு அணி முழு மூச்சாக ஆடும், எதிரணி பாதி மனதோடு ஆடும். கார்ல்டனுக்கு அப்போது வேறு கஷ்டமும் இருந்தது. வீரர் சம்பள உச்சவரம்பை மீறியதற்காக 2002இன் இறுதியில் பெரும் அபராதம் விதிக்கப்பட்டு, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முன்னுரிமைகளும் பறிக்கப்பட்டன. 2002, 2005, 2006 என மூன்று முறை கடைசி இடம். அந்த இருண்ட வருடங்களுக்கு நடுவே வந்த கோப்பை இது. அதைத் தூக்கியவர்களின் முகத்தில் தெரியும் மகிழ்ச்சி பொய்யில்லை.

இனி அந்த மூன்று எண்கள். உங்களுக்குக் கிடைத்திருக்கும் மிக நல்ல தடயம் அதுதான். வழக்கமான ஆட்டத்தில் நடு இரண்டு கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், ஆறு புள்ளி. நடுக் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் இடையே போனால் பிஹைண்ட், ஒரு புள்ளி. அதனால் ஸ்கோர் 10.8 என்று இருந்தால் பத்து கோல், எட்டு பிஹைண்ட், மொத்தம் 68. பருவத்துக்கு முந்தைய போட்டியிலோ, ஐம்பது மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து உதைத்த கோலுக்கு ஒன்பது புள்ளி கொடுத்தார்கள். 'சூப்பர் கோல்' என்று பெயர். 2003இல் வந்த விதி. அதை முதல் எண்ணாக எழுதுவார்கள். 1.10.8 என்றால் ஒரு சூப்பர் கோல், பத்து கோல், எட்டு பிஹைண்ட்: 9, 60, 8, கூட்டினால் 77. பிரீமியர்ஷிப் ஆட்டங்களில் இந்த விதி ஒருநாளும் இருந்ததில்லை. ஆகவே மூன்று எண் கண்டால் அது கிராண்ட் ஃபைனல் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

ஆனால் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். இரண்டு எண் இருந்தால் ஃபிளாக் என்று ஆகாது. 2003க்கு முந்தைய மார்ச் கோப்பைகளிலும் இரண்டு எண்தான். அவற்றைப் பிரித்தறிய வேறு அடையாளம் தேடவேண்டும்.

முதலில் கோப்பையின் பெயர். மார்ச் கோப்பை எப்போதும் விளம்பரதாரர் பெயரைத் தாங்கியே வந்தது: 1988, 1989இல் பானசோனிக், 1990 முதல் ஃபாஸ்டர்ஸ், 1995 முதல் ஆன்செட், 2002 முதல் விசார்ட், 2006 முதல் 2013 வரை நாப். உங்கள் படத்தில் 'விசார்ட்' என்று எங்காவது, மைதான விளம்பரத்தில் அல்ல, கோப்பை மேடையிலோ கோப்பையிலோ எழுதியிருக்கும். பிரீமியர்ஷிப் கோப்பைக்கு அப்படி எந்த நிறுவனத்தின் பெயரும் கிடையாது. அடுத்தது பதக்கம். கிராண்ட் ஃபைனலின் சிறந்த வீரருக்கு நார்ம் ஸ்மித் பதக்கம். மார்ச் இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கு, 1992 முதல், மைக்கேல் டக் பதக்கம். ஹாதார்ன் அணிக்காக 426 ஆட்டங்கள் ஆடிய அந்த மனிதரின் பெயரிலான பதக்கத்தை ஒரு நினைவுப்பொருளில் பார்த்தால், அது பருவத்துக்கு முந்தைய கோப்பை என்று உறுதி.

மைதானத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். அனுபவசாலிகளும் சறுக்கும் இடம் அது. கிராண்ட் ஃபைனல் என்றால் எம்சிஜி (மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம்), மெல்பர்னின் இன்னொரு மைதானமான வேவர்லி பார்க் என்றால் மார்ச் கோப்பை என்று பலர் மனதில் பதிந்திருக்கிறது. ஆனால் 1991இல் எம்சிஜியில் கட்டட வேலை நடந்ததால் கிராண்ட் ஃபைனலே வேவர்லியில்தான். அந்த ஆண்டு இரண்டையும் வென்றது ஒரே அணி, ஹாதார்ன். 1991 ஹாதார்ன் படம் கையில் வந்தால் எதிரணியைப் பாருங்கள்: வெஸ்ட் கோஸ்ட் என்றால் ஃபிளாக், நார்த் மெல்பர்ன் என்றால் ஃபாஸ்டர்ஸ் கோப்பை. இப்படி ஒரே ஆண்டில் இரண்டையும் வென்ற அணிகள் மிகச் சில: 1988, 1991இல் ஹாதார்ன், 1993, 2000இல் எசன்டன், 2009இல் ஜீலாங். இந்த ஐந்து ஆண்டுகளின் பொருட்களை வாங்கும்போது மட்டும் கூடுதலாகக் கவனமாக இருங்கள். மற்ற ஆண்டுகளில் வென்ற அணியின் பெயரே உண்மையைச் சொல்லிவிடும்.

இன்னொரு சொல்லும் ஏமாற்றும். 'நைட் பிரீமியர்ஸ்' என்று பழைய பொருட்களில் பார்ப்பீர்கள். 1988க்கு முன்னால் விளக்கொளியில் நடந்த தனித் தொடரை வென்றவர்களுக்கான பட்டம் அது. 'பிரீமியர்ஸ்' என்ற சொல் இருப்பதால் அதுவும் ஃபிளாக் ஆகிவிடாது.

உங்கள் படத்தை வாங்கலாமா என்றால், நான் வாங்கச் சொல்வேன், அதன் சொந்த விலைக்கு. விற்பவரிடம் "இது விசார்ட் கோப்பை, மார்ச் ஆட்டம்" என்று பெயர் சொல்லிப் பேசுங்கள். ரசீதிலும் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படி எழுதித் தர மறுத்து, பிரீமியர்ஷிப் விலையையே கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கையெழுத்து இருந்தால் சான்றிதழ் கேளுங்கள், இல்லாவிட்டால் கையெழுத்துக்குத் தனி விலை கொடுக்க வேண்டாம்.

வாங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2014இலிருந்து பருவத்துக்கு முந்தைய ஆட்டங்கள் வெறும் பயிற்சி ஆட்டங்கள், வெல்லக் கோப்பை இல்லை. கார்ல்டன் அந்தப் போட்டியை 1997, 2005, 2007 என்று மூன்றே முறைதான் வென்றது. அதில் ஒன்று உங்கள் மகன் பிறந்த ஆண்டு. கடைசி இடத்தில் முடித்த ஒரு பருவத்தின் தொடக்கத்தில் தன் அணி கோப்பையைத் தூக்கியது என்ற கதையை, உண்மையான ஒரு ரசிகன் யாரிடமும் சொல்லத் தயங்கமாட்டான்.

அவனுக்கு ஃபிளாக் படமே வேண்டும் என்று இருந்தால், தேட வேண்டிய ஆண்டு 1995. ஜீலாங்கை 61 புள்ளி வித்தியாசத்தில் வென்ற கிராண்ட் ஃபைனல், கார்ல்டனின் பதினாறாவது பிரீமியர்ஷிப். படத்தின் மூலையில் செப்டம்பர் என்று இருக்கிறதா, எதிரணியின் சட்டையில் நீல வெள்ளைப் பட்டைகள் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.