பேக்கிங் லிஸ்ட்டை ஸ்கீமா ஏன் ஏற்கவில்லை?

கேள்வி: பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றுக்கு ஜாவாவில் புரோகிராம் எழுதுகிறேன். வெளிநாட்டு பையர் பேக்கிங் லிஸ்ட்டை எக்ஸ்எம்எல்லில் கேட்டு, அதில் எது எந்த வரிசையில் வர வேண்டும் என்று சொல்லும் ஸ்கீமாவும் அனுப்பியிருக்கிறார். ஜாவா ஆப்ஜெக்ட்டை எக்ஸ்எம்எல்லாக மாற்றுகிற ஜேஏஎக்ஸ்பி (JAXB) லைப்ரரியின் அன்னொட்டேஷன்களை (@ போட்டு எழுதும் குறிப்புகள்) கெட்டர்களின், அதாவது மதிப்பை எடுத்துத் தரும் மெத்தட்களின் மேல் போட்டேன். ஃபைல் வருகிறது; ஆனால் ஸ்கீமாவோடு சரிபார்த்தால் கார்ட்டன் எண் வரவேண்டிய இடத்தில் எடை வருகிறதாம். கிளாஸில் வரிசை சரியாகத்தானே இருக்கிறது?
- வாசகர், திருப்பூர்

பதில்: நீங்கள் எழுதிய வரிசையிலேயே கெட்டர்கள் கிடைக்கும் என்று ஜாவா எந்த உத்தரவாதமும் தருவதில்லைங்க. ஸ்கீமாவில் 'சீக்வென்ஸ்' என்றிருந்தால் வரிசை பிசகக் கூடாது. எக்ஸ்எம்எல்டைப் அன்னொட்டேஷனில் பிராப்ஆர்டர் (propOrder) என்ற வரிசைப் பட்டியலைக் கொடுங்கள். அதில் எழுத வேண்டியது ஜாவா பெயர்கள், எக்ஸ்எம்எல் டேக் பெயர்கள் அல்ல. எலிமெண்டாகப் போகிற ஒன்று விட்டுப்போனாலும் எர்ரர் வரும். ஆட்ரிபியூட்டுகளை அதில் சேர்க்க வேண்டியதில்லை.

அது முடிந்ததும் நேம்ஸ்பேஸ் (டேக் பெயர் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது என்ற அடையாளம்) தகராறு வரலாம். பையரின் ஸ்கீமாவில் எலிமெண்ட்ஃபார்ம்டிஃபால்ட் 'குவாலிஃபைட்' என்றிருக்கிறதா பாருங்கள். இருந்தால் பேக்கேஜ்-இன்ஃபோ ஃபைலில் எக்ஸ்எம்எல்ஸ்கீமா அன்னொட்டேஷன் போட்டு அதையே சொல்லுங்கள். அன்னொட்டேஷனை ஃபீல்டுக்கு மாற்றுவதாக இருந்தால் எக்ஸ்எம்எல்அக்ஸசர்டைப்பை ஃபீல்டு என்று வையுங்கள். இல்லாவிட்டால் ஒரே பெயரில் இரண்டு பிராப்பர்ட்டி என்று சண்டைக்கு வரும். தேதிக்கு லோக்கல்டேட் வைத்திருந்தால், அதை எக்ஸ்எம்எல்லுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு அடாப்டரும் எழுத வேண்டும்.

ஆனால் ஸ்கீமா பையருடையது என்னும்போது இத்தனையும் கையால் எதற்குங்க? பேட்டர்னைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணளவில் துணி வெட்டுகிற வேலை இது. எக்ஸ்ஜேசி என்ற கருவியிடம் ஸ்கீமாவைக் கொடுங்கள். அன்னொட்டேஷனோடு கிளாஸ்களை அதுவே எழுதித் தரும். அவற்றை மட்டும் திருத்தாதீர்கள். ஸ்கீமா மாறினால் மறுபடி உருவாக்க வேண்டியிருக்கும், மாறாத ஸ்கீமாவை நான் பார்த்ததில்லை. உங்கள் கிளாஸ்களைத் தனியாக வைத்து, மதிப்புகளை மட்டும் எக்ஸ்ஜேசி தந்த கிளாஸ்களில் ஏற்றுங்கள். கையால் அன்னொட்டேஷன் போடுவது, கிளாஸ் உங்களுடையதாக இருந்து அதிலிருந்து ஸ்கீமா பிறக்கும்போதுதான்.

கேள்வி: ஜாவா 8-இல் ஓடிய இதே மாதிரி புரோகிராம் 17-இல் கம்பைல்கூட ஆகவில்லை. ஏன்?
- வாசகர், பெருந்துறை

பதில்: ஜாவா 6 முதல் கூடவே வந்துகொண்டிருந்த ஜேஏஎக்ஸ்பியை 2018-இல் ஜாவா 11 வந்தபோது நீக்கிவிட்டார்கள். லைப்ரரிகளைக் கொண்டுவந்து சேர்க்கும் மேவன் கருவியில் நீங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும். அன்னொட்டேஷன்கள் இருக்கும் ஏபிஐ மட்டும் போதாது. அது கம்பைல் ஆகும், ஓடாது. வேலையைச் செய்கிற ரன்டைமும் வேண்டும். ஜாவாஎக்ஸ் (javax) என்று ஆரம்பிக்கும் பழைய இம்போர்ட்டுகளைத் தொட மனமில்லை என்றால் ஜேஏஎக்ஸ்பியின் 2.3 பதிப்பு. 3.0 முதல் இம்போர்ட்டுகள் எல்லாம் ஜகார்த்தா (jakarta) என்று ஆரம்பிக்கும். திருப்பூர் வாசகரும் கவனிக்க: எக்ஸ்ஜேசியும் ஜாவாவோடு வரும் கருவித் தொகுப்பான ஜேடிகேயிலிருந்து அப்போதே போய்விட்டது, அதற்கும் மேவன் பிளகின்தான்.