கை, கால் கட்டிகள்: கத்தி வைப்பதற்கு முன்

அம்மாவின் முன்னங்கையில் பத்து வருடமாக ஒரு கட்டி. வலியில்லை. எடுக்க வேண்டுமா? (வாசகி, வெள்ளவத்தை)

விரலால் தள்ளினால் நழுவுகிறதா? தோலுக்கு நேர் கீழே மெதுமெதுவென்று இருக்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் கொழுப்புக் கட்டிதான். வைத்தியர் ஒருமுறை தொட்டுப் பார்க்கட்டும். வளராவிட்டால் விட்டுவிடலாம். உறுத்தினால் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து எடுப்பார்கள். எண்ணெய் பூசிக் கரையாது.

தொடையில் நான்கு மாதத்தில் வளர்ந்த கட்டி, தேசிக்காயை விடப் பெரிது. வலிக்கவில்லை. அடுத்த கிழமையே வெட்டலாம் என்கிறார்கள். (வாசகர், கொட்டாஞ்சேனை)

தயவுசெய்து பொறுங்கள். வலிக்கவில்லையே என்று ஆறுதலடைய வேண்டாம். தசை, கொழுப்பு போன்ற மென்திசுக்களில் வரும் புற்றும் (சார்கோமா) தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. 5 சென்டிமீற்றரைத் தாண்டிய கட்டி, வளர்ந்துகொண்டே போகும் கட்டி, தசைக்குள் ஆழமாகக் கிடக்கும் கட்டி எதையும் ஸ்கான் செய்யாமல் வெட்டக் கூடாது. முதலில் அல்ட்ராசவுண்ட், அப்புறம் எம்.ஆர்.ஐ. அதிலும் சந்தேகம் தீராவிட்டால் தடித்த ஊசியால் சிறு துண்டு எடுத்து பயொப்சி. ஊசி எந்த வழியாக நுழைய வேண்டும் என்பதைக்கூட, பின்னால் சத்திரசிகிச்சை செய்யப்போகிறவரிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். புற்றாக இருந்தால் ஊசி போன பாதையையும் சேர்த்து அகற்ற நேரலாம். சாதாரணக் கட்டி என்று நம்பி வெட்டிய பிறகு அறிக்கையில் சார்கோமா என்று வந்தால், அதே இடத்தை இன்னும் அகலமாகத் திரும்ப வெட்ட வேண்டிவரும். அந்த நிலைமை உங்களுக்கு வரக் கூடாது. கொழும்பு தேசிய வைத்தியசாலை சத்திரசிகிச்சை கிளினிக்குக்குப் போங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். புற்று என்று உறுதியானால் மகரகம அபேக்ஷா வைத்தியசாலை இருக்கிறது.

மணிக்கட்டில் உருண்டையாக ஒன்று. ஊசியால் நீரை எடுத்தும் திரும்ப வந்துவிட்டது. (வாசகி, தெகிவளை)

அது மூட்டிலிருந்து பிதுங்கிய நீர்ப்பை. ஊசியால் எடுத்தால் திரும்ப வருவது சகஜம். தானாக மறைவதும் உண்டு. அடித்து உடைக்க மட்டும் வேண்டாம்.

விரல் நகத்தின் கீழ் குளிர்நீர் பட்டால் உயிர் போகிறது. வெளியில் எதுவும் தெரியவில்லை, மனப்பிரமை என்கிறார்கள். (வாசகி, பம்பலப்பிட்டி)

உங்கள் வலி நிஜம், சகோதரி. குளோமஸ் என்ற மிகச் சிறிய கட்டி இப்படித்தான் வதைக்கும். பென்சில் முனையால் நகத்தை அழுத்திப் பாருங்கள்: ஒரே புள்ளியில் துள்ள வைக்கும், சற்றுத் தள்ளி அழுத்தினால் வலிக்காது. எக்ஸ்ரேயில் பல சமயம் அகப்படாது, எம்.ஆர்.ஐ செய்ய முடியுமா என்று கேளுங்கள். முழுமையாக எடுத்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு வலியும் போய்விடும்.