மாந்தோப்பில் ஒன்பது கூடை: இடம் போதுமா?

கேள்வி: குடியாத்தம் பக்கம் எங்கள் மூன்று ஏக்கர் மாந்தோப்பில் ஒன்பது கூடை நட்டு டிஸ்க் கோல்ஃப் (பிளாஸ்டிக் தட்டை வீசிக் கூடையில் போடும் ஆட்டம்) ஆடுகிறோம். வேலூரிலிருந்து வரும் கல்லூரிப் பையன்கள், "ரொம்பச் சின்னது, டிரைவரை (தூரம் போகும் தட்டை) எடுக்கவே வேலையில்லை" என்கிறார்கள். பக்கத்து நிலத்தையும் குத்தகைக்கு எடுக்கலாமா?

பதில்: குத்தகைப் பணத்தை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் தூரம் ஒரு குறையாகவே தெரியவில்லை. நாற்பது, ஐம்பது மீட்டரில் புட்டர், மிட்ரேஞ்ச் என்ற குறைந்த தூரத் தட்டுகளுக்குத்தான் வேலை. புதிதாக ஆடுகிறவருக்குக் கை படிவதும் அவற்றில்தான். டிரைவருக்குக் கையில் வேகம் வேண்டும். அது இல்லாமல் வீசினால் பாதி வழியிலேயே சாய்ந்து விழும். தாழ்ந்த மாங்கிளைகள் உங்களுக்கு வாய்த்த வரம். தட்டை மேலே தூக்க விடாமல், தோள் மட்டத்தில் விடப் பழக்கிவிடும்.

கவலை வேறிடத்தில். கூடைக்குச் சுமார் ஒரு ஏக்கர் என்பது பொதுவான கணக்கு. குட்டை மைதானத்துக்கு அதைவிடக் குறைவாகவும் போதும்தான். ஆனால் உங்கள் நான்காவது தளத்திலிருந்து (நின்று வீசும் இடம்) வீசும் தட்டு ஏழாவது கூடைக்கு நேரே போகிறது. 170 கிராம் கெட்டிப் பிளாஸ்டிக், அங்கே குனிந்து தட்டை எடுப்பவரின் பொட்டில் பட்டால் என்ன ஆகும்? ஒன்பதை ஆறாக்குங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம். 1975இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவில் இந்த ஆட்டத்தின் முன்னோடி எட் ஹெட்ரிக் மைதானம் அமைத்தபோது இலக்கு வெறும் கம்பம்தான், சங்கிலிக் கூடை பிறகு வந்தது. ஆறு கூடைக்கும் ஒரே திசையில் முன்னும் பின்னுமாக இரண்டிரண்டு தளம் போட்டால் பன்னிரண்டு ஆட்டம் கிடைக்கும்.

அடுத்த குறை, எல்லாமே ஒரே மாதிரி இருப்பது. வலக்கைக்காரர் பேக்ஹேண்டில் (கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோய்) வீசும் தட்டு கடைசியில் இடப்பக்கம்தான் இறங்கும். உங்கள் கூடைகளும் பெரும்பாலும் இடப்பக்கமே இருப்பதால் இரண்டாவது வாரமே சலிப்புத் தட்டும். வரிசைக்கு நேரே நின்றால் தோப்பு தெருவாகத் தெரியும்; தளத்தை நாலு எட்டு பக்கவாட்டில் நகர்த்திப் பாருங்கள், மரங்கள் மாறி மாறிக் குறுக்கே வரும். இரண்டு கூடையையாவது வலப்பக்கம் ஒதுக்கி வையுங்கள்.

கிணற்றடிக் கூடையை இன்றைக்கே பிடுங்கிவிடுங்கள். உள்ளே விழுந்த தட்டுக்கு யாராவது இறங்கப் பார்ப்பார்கள். செம்மண் தளம் ஐப்பசி மழையில் வழுக்கும். ஐந்தடிக்குப் பத்தடி கான்கிரீட் போட்டு, ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் கோடிழுத்துச் சொரசொரப்பாக்கிவிடுங்கள்.

தையில் பூ, அப்புறம் பிஞ்சு. அந்த மாதங்களில் காய்க்கும் மரங்களை ஒட்டிய கூடைகளுக்குச் சாக்கு கட்டி மூடிவிட்டு மற்றவற்றில் ஆடுங்கள். இல்லையென்றால் பையன்களுக்கு முன்னால் உங்கள் அப்பாவே மைதானத்தை மூடிவிடுவார்.