ஆங்கிலத்தில் உணர்ச்சிச் சொற்களுக்குப் பின் எந்தப் பிரிபொசிஷன் (ஆஃப், ஃபார், வித் போன்ற சிறு சொல்) வரும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒருமுறை அறிக்கையைத் தாமதமாக அனுப்பிவிட்டு, மேலதிகாரிக்கு மன்னிப்பு மின்னஞ்சல் எழுதினேன். முதல் வரியே 'ஐ ஆம் சாரி ஃபார் யூ'. 'உங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது' என்று அவருக்கு எழுதியிருக்கிறேன் என்பதைப் பக்கத்து மேசைக்காரர் சிரித்து ஓய்ந்த பிறகுதான் சொன்னார். சாரி ஃபார் என்பதன் பின் ஆள் வந்தால் பரிதாபம். 'சாரி ஃபார் த டிலே' என்று நடந்த தவறு வந்தால்தான் மன்னிப்பு.

இந்த வகைப் பிழைகளில் பல, தமிழ் உருபை அப்படியே ஆங்கிலத்தில் ஏற்றுவதால் வருபவை. 'அவன்மேல் கோபம்' என்று மனம் சொல்ல, கை 'ஆங்ரி ஆன் ஹிம்' என்று எழுதிவிடுகிறது. ஆள் என்றால் ஆங்ரி வித் அல்லது ஆங்ரி அட். விஷயம் என்றால் ஆங்ரி அபௌட். 'ஆன்' இங்கே வராது.

அதைவிட வம்பு பிடித்தது 'கு' உருபு. 'நாய்க்குப் பயப்படுகிறேன்' என்பதை 'அஃப்ரெய்ட் ஃபார் த டாக்' என்று எழுதினால் இலக்கணம் சரியாகவே இருக்கும். ஆனால் நாய்க்கு என்ன ஆகுமோ என்று நீங்கள் தவிப்பதாகப் பொருள் மாறிவிடும். கடித்துவிடுமோ என்ற பயத்துக்கு அஃப்ரெய்ட் ஆஃப். (தமிழும் சளைத்ததில்லை. வெறுமனே 'நாய்க்குப் பயம்' என்றால் பயந்தது யார்?) 'ஹேப்பி ஃபார் யூ' என்பதிலும் அதே ஃபார்தான்: உங்களுக்கு நல்லது நடந்ததில் எனக்கு மகிழ்ச்சி. 'ஹேப்பி வித் யுவர் வொர்க்' என்பதோ வேலையில் திருப்தி.

டயர்ட் ஃப்ரம் என்றால் களைப்பு, டயர்ட் ஆஃப் என்றால் சலிப்பு. ராஜினாமா எண்ணம் இல்லாதவர்கள் வேலையைப் பற்றி இரண்டாவதை எழுதாமல் இருப்பது நல்லது.

ப்ரௌட், அஷேம்ட், ஜெலஸ், ஃபாண்ட் நான்கும் ஆஃப் வாங்கும். ஏன் என்று தோண்டாமல் சேர்த்தே மனப்பாடம் செய்துவிடுங்கள். சர்ப்ரைஸ்டுக்கு அட், பை இரண்டும் சரி.

நான் செய்வது இதுதான்: புதிய சொல்லைத் தனியாகக் குறித்துக்கொள்வதில்லை. மாணவர்களுக்கான அகராதிகளில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருக்கும். அங்கிருந்து பிரிபொசிஷன் என்ற வாலோடு எடுத்து, என் வாழ்க்கையைப் பற்றிய ஒரு வாக்கியமாக எழுதி வைக்கிறேன். பிரிபொசிஷனுக்குப் பின்னால் வினைச்சொல் வந்தால் அதற்கு 'இங்' சேர்க்க வேண்டும்: 'அஃப்ரெய்ட் ஆஃப் ஃபாலிங்'.