அம்மாவுக்கு மினரல் மாத்திரை கொடுக்கலாமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 56 வயது, சில வருடங்களாகச் சீனி வருத்தம், கிளினிக்கில் மெற்போர்மினும் கிளிக்லசைட்டும் கொடுக்கிறார்கள், இப்போது பாதம் மரத்துப்போகிறது. கொழும்பிலிருந்து மாமா குரோமியம், மக்னீசியம், சிங்க் கலந்த மாத்திரைப் போத்தல் அனுப்பியிருக்கிறார். அதைக் கொடுத்துவிட்டு கிளினிக் மருந்தைக் குறைக்கலாமா?

குறைக்கவே வேண்டாம்.

குரோமியத்தால் சில ஆய்வுகளில் சீனி கொஞ்சம் இறங்கியது, வேறு சிலவற்றில் அசையவே இல்லை. அதை நம்பி மருந்தை விடமுடியாது. இன்னொன்று, கிளிக்லசைட்டோடு குரோமியமும் சேர்ந்தால் சீனி தேவைக்கு மேல் இறங்கிவிடக்கூடும். காலையில் வெறும் தேத்தண்ணியோடு மலையேறிக் கொழுந்து பறிக்கிறவருக்குச் சரிவில் வைத்துத் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சிங்க் அளவு மீறி வாரக்கணக்கில் போனால் உடம்பில் செம்பு குறையும்.

மக்னீசியம் விஷயம் வேறு. சீனி கட்டுப்பாட்டில் இல்லாதபோது சிறுநீரோடு மக்னீசியமும் வெளியேறுவதால் குறைபாடு வருவது உண்மைதான், ஆனால் சிறுநீரகம் பலவீனமானவருக்கு அதே மாத்திரை உடம்பில் தேங்கி ஆபத்தாகிவிடும். அதனால் முதலில் இரத்தத்தில் கிரியேட்டினின் பார்க்கவேண்டும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அதில்தான் தெரியும்.

எனக்குப் பெரிய கவலை அந்தப் பாதம்தான். மெற்போர்மினை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு விட்டமின் பி12 குறையலாம், அப்போதும் கால் இப்படித்தான் மரக்கும். சீனியால் நரம்பு கெட்டாலும் இதே மாதிரிதான். எது காரணம் என்று பரிசோதித்தால்தான் தெரியும். பி12 குறைவென்றால் அதற்கு மருந்து இருக்கிறது, தாமதித்தால் நரம்பு முழுமையாகத் திரும்பாமலும் போகலாம். அதுவரை ராத்திரியில் நீங்களே அம்மாவின் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள், விரல் இடுக்கு உட்பட. அட்டை கடித்ததும் முள் கீறியதும் மரத்த காலுக்குத் தெரியாது, புண் பழுத்த பிறகுதான் தெரியும்.

சாப்பாட்டிலேயே மக்னீசியம் இருக்கிறது: கீரை, கடலை, கௌபி, குரக்கன். காலையில் கோதுமை மா ரொட்டி இரண்டு என்றால் ஒன்றாக்கி, பருப்பும் கீரையும் கூட்டிக்கொடுங்கள். தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம். மாமா கோபித்துக்கொள்வார் என்றால் பரவாயில்லை, போத்தலைத் திறக்காமல் அடுத்த கிளினிக்கிற்குக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள், பி12, கிரியேட்டினின் இரண்டையும் அங்கேயே கேளுங்கள். காலில் புண் கண்டால் மட்டும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.